கவிழ்த்துப் பாருங்கள்: பொருள் வடிவமைப்பு கற்கத் தொடங்குகிறவர்களுக்கு

தொழில்துறை வடிவமைப்பு கற்க விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரைந்து பழகுவது கார், பைக், அல்லது எதிர்காலத்துச் செல்பேசி. அவற்றைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். குளியலறை வாளியை எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, கவிழ்த்துப் பாருங்கள். அடியின் நடுவில் மச்சம் போல ஒரு சிறு மேடு தட்டுப்படும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. அந்த வாசல் ஓரத்தில் இல்லாமல் ஏன் நடுவில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றினால் நீங்கள் இந்தத் துறைக்கு ஏற்றவர்.

பாலக்காட்டு எல்லையோரத் தமிழர்களை, அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையாறு பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நமக்குப் பெரிய வடிவமைப்புக் கல்லூரி எதுவும் அருகில் கிடையாது. ஆனால் கிழக்கே பஸ் ஏறினால் கோவை: ஃபவுண்டரிகள் (இரும்பு வார்க்கும் பட்டறைகள்), பம்புக் கம்பெனிகள், கிரைண்டர் பட்டறைகள், மோல்டு (அச்சு) செய்கிறவர்கள். மேற்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. பெருநகரத்து மாணவர் காணொளியில் பார்ப்பதை நீங்கள் வாசலில் நின்று பார்க்கலாம். இந்த வசதியை நம் பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

முதல் வேலை: தழும்புகளைப் படிப்பது

எந்தப் பொருளிலும் அதைச் செய்த முறையின் தழும்பு இருக்கும். வாளி, ஸ்டூல், நாற்காலி, சுவிட்சுப் பெட்டி ஆகியவை செய்யப்படும் முறைக்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்று பெயர். பிளாஸ்டிக் குருணையை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கி, இரண்டு பாதிகளாக மூடிய இரும்பு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஆறியதும் அச்சு திறக்கும், பொருள் வெளியே தள்ளப்படும். வாசல் நடுவில் இருந்தால் பிளாஸ்டிக் எல்லாப் பக்கமும் ஒரே தூரம் ஓடி, விளிம்பை ஒரே நேரத்தில் எட்டும். ஓரத்தில் வைத்திருந்தால் ஒரு பக்கம் முன்னே ஆறி வாளி கோணிக்கொள்ளும்.

அடுத்து வாளியின் சாய்வைப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்காக என்று சொல்வீர்கள். அதுவும் சரிதான். ஆனால் சாய்வே இல்லாத பொருளை அச்சிலிருந்து உருவி எடுக்க முடியாது. அடுக்க வேண்டாத பொருளுக்கும்கூட ஒன்றிரண்டு டிகிரி சாய்வு கொடுத்தாக வேண்டும். டிராஃப்ட் என்பார்கள். வரைபடத்தில் டிராஃப்ட் இல்லையென்றால் மோல்டு செய்கிறவர் முதல் பார்வையிலேயே உங்களைப் புதியவர் என்று கண்டுபிடித்துவிடுவார்.

பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்தால் இன்னும் நிறைய தெரியும். அடியில் தெரியும் சிறு வட்டங்கள் பொருளை வெளியே தள்ளிய கம்பிகளின் தடம். ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு அச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடம். சில பொருள்களில் கடிகாரம் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதன் அம்புக்குறி தயாரித்த மாதத்தைக் காட்டும். இருக்கைக்கு அடியில் விலா எலும்பு போல ஓடும் பட்டைகளை விரலால் அளந்து பாருங்கள், இருக்கைப் பலகையைவிட மெலிதாக இருக்கும். விலாவைத் தடிமனாக வைத்தால் அந்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கி, மேற்பரப்பில் குழி விழும். அதனால் விலாவின் தடிமன் பலகையின் தடிமனில் ஏறக்குறைய பாதியளவே இருக்கும். இந்த ஒற்றைத்துண்டு நாற்காலியின் புகழ்பெற்ற முன்னோடி 1972-இல் பிரான்சின் ஆன்ரி மசோனே வடிவமைத்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நாற்காலி வெளியே வந்துவிடும். கல்யாண மண்டபங்களில் மூங்கில் நாற்காலியும் மடக்கு நாற்காலியும் காணாமல் போனதற்கு அந்த இரண்டு நிமிடம்தான் காரணம்.

ஸ்டூலின் நடுவில் ஏன் ஓட்டை? இதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த புதிரை நீங்களே விடுவிக்க வேண்டும். அடுக்கி வைத்த ஸ்டூல்களுக்கு நடுவே காற்று சிக்கினால் அவை ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். ஓட்டை காற்றுக்கு வழிவிடுகிறது, விரல் நுழைத்துத் தூக்கவும் உதவுகிறது. புதிர் இது: நாற்காலியின் முதுகில் ஓட்டைகள் எதற்கு? குறைந்தது மூன்று காரணம் எழுதுங்கள்.

எல்லா பிளாஸ்டிக்கும் இந்த முறையில் வருவதில்லை. தண்ணீர்க் குடத்தின் வாய் சிறிது, வயிறு பெரிது. அதை அச்சிலிருந்து உருவ முடியாது. உருகிய குழாயை அச்சுக்குள் தொங்கவிட்டு, காற்றை ஊதி உப்ப வைக்கிறார்கள். குடத்தின் அடியில் குறுக்கே ஓடும் கோடு அந்தக் குழாயின் முனையை அச்சு நறுக்கிய இடம். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வேறு வகை: அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைப் போட்டு, சூட்டில் மெதுவாகச் சுற்றிச் சுற்றிச் சுவரில் படிய வைப்பது. மெதுவான வேலை, ஆனால் அச்சு மலிவு. இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியத் தெரிந்தால் பிளாஸ்டிக்கில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 பெட் பாட்டில், 2 குடம் செய்யும் கெட்டிப் பாலித்தீன், 3 பிவிசி, 5 வாளிக்கும் நாற்காலிக்கும் உரிய பாலிபுரொப்பிலீன். எண் இல்லாத துண்டு கிடைத்தால் தண்ணீரில் போடுங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்), பிவிசி, பெட் மூழ்கும். தண்ணீரில் உப்பை நன்றாகக் கரைத்து மறுபடி போட்டால் ஏபிஎஸ் மிதந்துவிடும், பிவிசி மூழ்கியே கிடக்கும். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிவிசி எரியும் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

எவர்சில்வர் டம்ளருக்கும் இதே பார்வைதான். வட்டத் தகட்டை அச்சில் அழுத்தி இழுத்துக் குழியாக்கி, கையைக் கிழிக்காமலிருக்க விளிம்பை வெளியே சுருட்டுகிறார்கள். நகத்தை அந்தச் சுருளுக்கு அடியில் விட்டுப் பாருங்கள், சுருளின் முனை தட்டுப்படும். காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த ரகம் என்று பாத்திரக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள நல்ல ரகம், அழுத்தி இழுத்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும்.

பிரிப்பது

ஆக்ரிக் கடையிலிருந்து (பழைய சாமான் கடை) ஓடாத மிக்ஸி ஒன்று வாங்குங்கள். எடைக்குத்தான் கொடுப்பார்கள். மிக்ஸியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கைக்கு அடக்கமானது, உள்ளே பிளாஸ்டிக், ரப்பர், செம்பு, இரும்பு, கார்பன் எல்லாம் உண்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய படக்குழாய் டிவியையும் தொடவே வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வெட் கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றில் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கும், அதை வைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுங்கள். திருகுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். எல்லாம் பிரிந்ததும் ஒரு பட்டியல்: பாகத்தின் பெயர், எண்ணிக்கை, எதனால் ஆனது, எந்த முறையில் செய்தது, இந்தப் பாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும். கடைசிக் கேள்வி முக்கியம். ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று சுற்றுகிறது. பிளேடில் ஒரு தேங்காய்ச் சில்லு சிக்கினால் யாராவது ஒருவர் உடைந்தாக வேண்டும். விலை மலிவான கப்ளர் உடைந்து, விலை கூடிய மோட்டாரைக் காப்பாற்றுகிறது. எளிதில் மாற்றக்கூடிய இடத்தில் அதை வைத்திருப்பதும் திட்டமிட்டதுதான். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் இதே வேலை. சூடு மிகுந்தால் துள்ளி அணைத்துவிடும்.

பிறகு திரும்பப் பூட்டுங்கள். இரண்டு திருகு மிஞ்சினால் மறுபடி பிரியுங்கள்.

அளந்து வரைவது

ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள். 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் சாதாரண எஃகு வெர்னியரே போதும், பேட்டரிக் காலிப்பர் அவசியமில்லை. மிக்ஸியின் ஒரு பாகத்தை எடுத்து முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் அளவோடு வரையுங்கள். இந்தியாவில் முதல் கோண முறை வழக்கம்: முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம் வரும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் பழகினால் இது தலைகீழாகிவிடும், கவனம். அழகாக நிழல் தீட்டுவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். பட்டறையில் எடுபடுவது அளவு போட்ட படம்தான். கஞ்சிக்கோட்டில் மலையாளத்திலும் கோவைப் பீளமேட்டில் தமிழிலும் பேச வேண்டியிருக்கும், படம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

பயன்படுத்துகிறவரைப் பார்ப்பது

செய்முறை தெரிந்தால் நல்ல தொழில்நுட்பர் ஆகலாம். வடிவமைப்பாளர் ஆக, பொருளோடு மல்லுக்கட்டும் மனிதரையும் பார்க்க வேண்டும்.

வெட் கிரைண்டர் நம் வட்டாரத்துப் பொருள். 1955-இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியது என்பது பதிவான வரலாறு. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கையால் குழவி சுற்றிய வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. அடுத்து, கனமான உரலிலிருந்து மாவை அள்ளும் சிரமத்தை, உரலையே சாய்க்கும் கிரைண்டர் தீர்த்தது. பிறகு மேடையில் வைக்கும் சிறிய கிரைண்டர் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் முதுகுவலி இருக்கிறது.

இனி உங்கள் வீட்டில் மாவு ஆட்டும்போது ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். பேசாதீர்கள், யோசனை சொல்லாதீர்கள், நோட்டில் எழுதுங்கள். ஈரக்கை சுவிட்சுக்கு எத்தனை முறை போகிறது? தண்ணீர் தெளிக்கும்போது எங்கே சிந்துகிறது? மாவைத் தள்ளக் கையை எந்தப் பக்கம் நுழைக்கிறார்கள்? கல்லைத் தூக்கும்போது எங்கே பிடிக்கிறார்கள், அந்த இடம் வழுக்குகிறதா? கழுவிய தண்ணீரை வடிக்கப் பாத்திரத்தை எவ்வளவு உயரம் தூக்குகிறார்கள்? “இதில் என்ன கஷ்டம் அம்மா?” என்று கேட்டால், “ஒன்றும் இல்லையே” என்றுதான் பதில் வரும். பழகிய கஷ்டம் வாயில் வராது, கையில்தான் தெரியும். அதனால்தான் கேட்பதைவிடப் பார்க்கச் சொல்கிறேன்.

1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு எழுதிய அறிக்கையில் மிகவும் வியந்து பேசியது ஒரு சொம்பைப் பற்றித்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், நிறைந்தபோதும் காலியானபோதும் சமநிலை எப்படி, இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படி வழியும், விலை என்ன, பழையதாகி விற்றால் என்ன கிடைக்கும் என்று கேள்விகளை அடுக்கினார்கள். உங்கள் வீட்டுச் சொம்பை எதிரில் வைத்து இந்தக் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

கேரளப் பக்கத்து எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. தென்னை ஏறும் கருவி. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்தது. ஒவ்வொரு காலுக்கும் ஓர் இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக்கயிறு. காலைத் தூக்கினால் பிடி தளரும், மிதித்தால் ஆளின் எடையே பிடியை இறுக்கும். மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய மரமேறும் பயிற்சியில் பரம்பரையாக மரமேறாத இளைஞர்களும் பெண்களும் கருவி கொண்டு ஏறினார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா முழுக்கத் தென்னந்தோப்பு. அரை மணி நேரம் நின்று பார்த்தால் பாடப்புத்தகத்தில் இல்லாத விசையியல் விளங்கும்.

அட்டையில் செய்து பார்ப்பது

பார்த்ததில் ஒரே ஒரு தொல்லையைத் தேர்ந்தெடுங்கள். கிரைண்டர் கல்லின் கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணிலோ அட்டையிலோ தெர்மக்கோலிலோ உண்மை அளவில் ஐந்தாறு வடிவம் செய்து, உள்ளே மணல் மூட்டை வைத்து உண்மை எடைக்குக் கொண்டுவாருங்கள். எடை இல்லாத மாதிரி எல்லோரையும் திருப்திப்படுத்தும், அதனால் பயன் இல்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தூக்கச் சொல்லுங்கள். பாட்டி வேண்டாம் என்று ஒதுக்கும் வடிவத்தைப் பாதுகாத்து வையுங்கள், ஒதுக்கிய காரணத்தை அதிலேயே எழுதிவிடுங்கள்.

கணினி இதற்குப் பிறகுதான். ஃப்ரீகேட் என்ற வரையும் மென்பொருள் இலவசம், தொடக்கத்துக்குப் போதும். முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் பிஎல்ஏ என்ற சாதாரண இழை 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கோணிவிடும். முப்பரிமாண அச்சில் வந்துவிட்டதால் தொழிற்சாலையிலும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். டிராஃப்ட் பற்றி மேலே சொன்னது இங்கேதான் கடிக்கும்.

பட்டறைக்குப் போவது

புதியவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். தெரியாதவரை உள்ளே விடுவார்களா? பெரிய கம்பெனி வாசலில் விடமாட்டார்கள். ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குப் பாகம் செய்து தருவது) செய்யும் சிறு பட்டறைகளில் விடுவார்கள், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, வெறுங்கையோடு போகக் கூடாது. அளவு போட்ட ஒரு படமோ ஓர் உடைந்த பாகமோ கையில் இருக்க வேண்டும். “சும்மா பார்க்க வந்தேன்” என்பவருக்கு நேரம் ஒதுக்க அங்கே ஆள் இல்லை. “அண்ணா, இதை வார்க்க முடியுமா?” என்று கேட்டால் அரை மணி நேரம் பாடமே நடக்கும். இரண்டு, டீ நேரத்தில் போக வேண்டும். ஓடும் மெஷின் முன்னால் நின்று கேள்வி கேட்காதீர்கள்.

முதலில் ஃபவுண்டரியைப் பாருங்கள். கோவையின் பம்புத் தொழில் நின்றுகொண்டிருப்பது அதன் மேல்தான். சிறிய ஃபவுண்டரிகளில் தினமும் இரும்பு ஊற்ற மாட்டார்கள், என்றைக்கு ஊற்றுகிறீர்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், மூடிய தோல் ஷூ. பாலியஸ்டர் துணியில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, வேட்டி ஆகாது. ஏறத்தாழ 1,400 டிகிரியில் இருக்கும் இரும்பு ஈரத் தரையில் சிந்தினால் நீராவி வெடித்துச் சிதறும், ஆகவே காட்டிய இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

அங்கே முதலில் தேட வேண்டியது பேட்டர்ன். மரத்திலோ அலுமினியத்திலோ செய்த மாதிரி வடிவம். அதை மணல் பெட்டியில் புதைத்து இடித்து, உருவி எடுத்தால் குழி; குழிக்குள் இரும்பு. பம்பின் உட்குடைவுக்குத் தனியாக மணலில் கோர் செய்து குழிக்குள் வைப்பார்கள். பேட்டர்ன் செய்கிறவரின் அளவுகோலைக் கையில் வாங்கி உங்கள் அளவுகோலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், ஆகவே அவருடைய அளவுகோலே அந்த அளவு நீட்டி அடித்தது. 300 மில்லிமீட்டர் பாகத்துக்குப் பேட்டர்ன் 303. கடைசல் பிடிக்க வேண்டிய முகங்களில் அதற்கு மேலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடுவார்கள்.

கூர்மூலையோடு ஒரு படத்தை நீட்டினால், “மூலையை உருட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி, மணல் உதிர்ந்துவிடும், ஆறும்போது கீறலும் விடும்” என்பார் மேஸ்திரி. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பஸ் டிக்கெட் எடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிப் பம்பைப் பாருங்கள். சொரசொரப்பான பகுதி மணலில் பிறந்தது, பளபளப்பான முகம் லேத்தில் கடைந்தது. நடுவில் ஓடும் கோடு மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேர்ந்த இடம். மேலெழுந்த கம்பெனிப் பெயரின் எழுத்துகளுக்கும் சாய்வு உண்டு.

கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் இயந்திரக் கண்காட்சியையும் தவறவிடாதீர்கள். ஓடுகிற இயந்திரங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம், கேள்வி கேட்டால் பதில் சொல்லவே ஆள் நிறுத்தியிருப்பார்கள்.

காசுக் கணக்கு

மோல்டு செய்ய 3 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பொருள் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 300 ரூபாய் அச்சுச் செலவு ஏறும். ஒரு லட்சம் செய்தால் 3 ரூபாய். நூறு செய்வதற்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பக்கம் போகவே கூடாது. லேசரில் வெட்டி மடித்த தகடு, எஃப்ஆர்பி (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்), மரக் கடைசல் என்று வேறு வழி பார்க்க வேண்டும். எத்தனை வேண்டும் என்று தெரியாமல் வடிவத்தை முடிவு செய்வது, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பதுதான்.

முறையாகப் படிக்க விரும்பினால்

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் தொடங்கியது, மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறை 1969-இல். ஐஐடிகளின் இளநிலைப் படிப்புக்கு யூசீட் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம், வணிகவியல் மாணவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். ஒரு பகுதி கணினியில், மற்றொரு பகுதி தாளில் வரைவது. தமிழ் வழியில் படித்தவர்கள் பழைய வினாத்தாள்களை ஓராண்டு முன்பே எடுத்துப் பழகுங்கள். கேரள அரசின் வடிவமைப்பு நிறுவனம் கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் இருக்கிறது. காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்ற மத்திய அரசுக் கல்வி நிறுவனம் பொறியியலோடு வடிவமைப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறது.

பட்டம் எட்டாதவர்களுக்கு என் சிபாரிசு டூல் அண்டு டை, அதாவது அச்சும் கருவியும் செய்யும் படிப்பு. ஐடிஐயிலும் இருக்கிறது, தலச்சேரி நெட்டூரில் தொடங்கிய என்டிடிஎஃப் போன்ற பயிற்சி நிறுவனங்களிலும் இருக்கிறது. மோல்டு செய்யக் கற்றவர் பிறகு வடிவமைப்புக்கு வருவது எளிது. எதிர்த்திசையில் வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். இதைச் சொன்னால் வடிவமைப்புக் கல்லூரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

எங்கே விண்ணப்பித்தாலும் உங்கள் வேலைகளின் தொகுப்பைக் காட்டச் சொன்னால், மேலே சொன்ன மிக்ஸிப் பட்டியலையும், மாவாட்டும் குறிப்பையும், ஒதுக்கப்பட்ட கைப்பிடிகளையும் தயங்காமல் வையுங்கள்.

உங்கள் வடிவம் உண்மையிலேயே புதியது என்று பட்டால் பதிவு செய்யலாம். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி முதலில் 10 ஆண்டுப் பாதுகாப்பு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. பொருளின் தோற்றத்துக்கு மட்டுமே இது பொருந்தும். அது வேலை செய்யும் விதத்துக்குக் காப்புரிமை தனி. விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் வைப்பதோ, படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதோ கூடாது. பொதுவெளிக்கு வந்துவிட்டால் புதியது என்ற தகுதியே போய்விடும். மேஸ்திரியிடம் காட்டும்போதும் ஒரு பாகத்தின் படத்தை மட்டும் காட்டுங்கள், முழுப்பொருளின் படம் வீட்டிலேயே இருக்கட்டும்.